சுகப்பிரசவம் என்னும் சொல்லும் விரைவுப் பிரசவமும்

நம் நாட்டிற் பிள்ளை பிறந்த வீட்டிற்கு வருவோர் முதலிற் கேட்பது ஆணா பெண்ணா என்பது. அடுத்துக் கேட்பது சுகப்பிரசவமா, ஆப்பரேஷனா என்பது. வயிற்றைக் கீறாமல் இயல்பான வழியிற் குழந்தை பிறந்ததாயின், தாய் பட்ட பாடு எத்தகையதாயினும் அதற்குச் சுகப்பிரசவம் என்றே பெயர். வலி கண்ட இரண்டொரு மணி நேரத்திற்குள் பிறந்துவிட்டாலோ, ‘பூப்போலப் பெற்றெடுத்தாள், கொடுத்துவைத்தவள்’ என்று பாராட்டுவதும் உண்டு. இச்சொல்லை முதன்முதல் வழங்கியவர் பிள்ளை பெற்ற ஒருத்தியாய் இருந்திருக்கமாட்டார் என்பது என் துணிபு. தாயும் சேயும் பிழைத்தெழுந்தமையையே சுகம் என்று குறித்தனர் போலும். அப்பொருளில் யானும் அச்சொல்லை மறுக்கவில்லை.

யான் நம் கல்லூரியிற் பயின்று வெளிவந்த பின்னர்ச் சேர்வராயன் மலையில் வாழ்க்கைப்பட்டேன். எங்கள் வீடு ஏற்காட்டூரிலிருந்து சில மைல் தொலைவில், ஒரு காப்பித் தோட்டத்தின் ஓரத்தில் உள்ளது. தலைப்பிரசவம் வழக்கப்படி தாய்வீட்டைச் சார்ந்து சமவெளியில் நிகழ்ந்தது; பதினாறு மணி நேரம் வலியிற் கிடந்து மூத்த பெண்ணைப் பெற்றேன். ஆகவே இரண்டாவது பேற்றிற்கும் அதிற் பாதிக் காலமாவது கிடைக்கும் என்று வீட்டில் எல்லோரும் கணக்கிட்டிருந்தோம். இரவில் வலி கண்டாலும் விடிந்தபின் மலையிறங்கிச் சேலம் போய்விடலாம் என்பது ஏற்பாடு. அக்கணக்குப் பொய்த்தது. நள்ளிரவு கடந்து 1.40 மணிக்கு முதுகின் கீழ்ப்புறத்தில் ஒரு பிடிப்புத் தோன்றிற்று, 3.25 மணிக்குக் குழந்தை என் மார்பின்மேற் கிடந்தது. நோவு தணிக்கும் மருந்து ஒரு துளியும் என் உடம்பிற் செல்லவில்லை. இதனை வீரமாகக் கூறுகின்றேன் என்று எவரும் எண்ணற்க. கொடுப்பதற்குக் காலம் இல்லை, அவ்வளவே.

வைத்திய நூலார் பிரசவத்தை மூன்று கட்டமாகப் பகுப்பர். கருப்பை சுருங்கிச் சுருங்கித் தன் வாயைப் பத்து சென்டிமீட்டர் அகலம் திறப்பது முதற் கட்டம். குழந்தை வழியிறங்கி வெளிவருவது இரண்டாவது. நஞ்சு பிரிந்து வெளிப்படுவது மூன்றாவது. இவற்றுள் முதற் கட்டமே நெடியது. உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட நெறிகளின்படி, வாய் ஐந்து சென்டிமீட்டர் திறந்த பின்னரே வலி முழுவேகம் கொண்டதாகக் கருதப்படும். அங்கிருந்து முழுதும் திறப்பதற்குத் தலைப்பேற்றிற் பன்னிரண்டு மணி நேரம் வரையிலும், பின்வரும் பேறுகளிற் பத்து மணி நேரம் வரையிலும் ஆகலாம். மணிக்கு ஒரு சென்டிமீட்டர் திறந்தே தீரவேண்டும் என்று முன்னர் வைத்தியசாலைகளிற் கொண்டிருந்த அளவுகோலும் எல்லாத் தாய்மார்க்கும் பொருந்துவதன்று என்று அந்நெறிகளே கூறுகின்றன. பொதுவாக, வலி தொடங்கியது முதற் குழந்தை பிறக்கும் வரையிற் சென்ற காலம் மூன்று மணிக்கும் குறைவாயின், அதனை விரைவுப் பிரசவம் என்பர். முன்னரே பிள்ளை பெற்றவளுக்கும், குழந்தையின் உருவம் சிறியதாயின், அல்லது கருப்பை மிக்க வன்மையுடன் சுருங்குவதாயின் பிறர்க்கும் இது நேரலாம். முன் ஒரு முறை விரைவிற் பெற்றவள் மறுமுறையும் அவ்வாறே பெறக்கூடும் என்பது யாவரும் நினைவிற் கொள்ளத்தக்கது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. பதினாறு மணி நேரத்திற் செய்யவேண்டிய வேலையை ஏறத்தாழ இரண்டு மணியில் முடிக்கும் கருப்பை, வேலையைக் குறைத்துக்கொள்வதில்லை; ஓய்வைக் குறைத்துக்கொள்கின்றது. இயல்பான வலி அலைபோல் எழுந்து, ஒரு நிமிட அளவு நின்று, தணியும். தணிந்த இடைவேளையில் தாய் மூச்சுவிடுவாள், ஒரு வாய் நீர் அருந்துவாள், கண்ணயர்தலும் உண்டு. குழந்தைக்குச் செல்லும் இரத்த ஓட்டமும் அவ்விடைவேளையிலேதான் நிறைவுறுகின்றது. பத்து நிமிடத்திற்கு ஐந்து முறைக்கு மேற் கருப்பை சுருங்குமாயின் அது மிகை எனப்படும். அப்போது குழந்தையின் இதயத் துடிப்பை அடிக்கடி கேட்டறிதல் வேண்டும். என் தலைப்பேற்றில் அலைகளுக்கு நடுவே கரை தெரிந்தது. இரண்டாம் பேற்றிற் கரையே தெரியவில்லை.

முதற் பிடிப்பு எழுந்தபோது அத்தையை எழுப்பினேன். அத்தை பிள்ளை நால்வரைப் பெற்றவர், பதற்றம் அறியாதவர். ‘சூட்டு வலியாயிருக்கும், சீரகத் தண்ணீர் தருகிறேன், குடித்துப் பார்’ என்றார். நம் வீடுகளில் இது நெடுங்காலச் சோதனை. பொய்வலியாயின் சீரகக் கஷாயத்திற்கு அடங்கும். மெய்வலியாயின் அடங்காது மிகும். இதனை மூடப் பழக்கம் என்று தள்ளிவிடலாகாது. வெந்நீர் பருகிச் சற்றே இளைப்பாறினாற் பொய்வலி தணிவது உண்மை. ஆனால் இச்சோதனைக்கு அரைமணி நேரமாவது வேண்டும். அத்தை அடுப்பு மூட்டிச் சீரகம் வறுத்து நீர் கொதிப்பதற்குள் எனக்கு நான்கு வலி வந்து போயின. நான்காவதில் யான் சுவரைப் பற்றிக்கொண்டு நின்றேன். குவளையைக் கையிற் கொடுக்க வந்தவர் என் முகத்தை நோக்கி, அதனைத் தரையில் வைத்துவிட்டு, தம் மகனை உரக்க அழைத்தார்.

என் கணவர் கிராம சுகாதாரச் செவிலியரைத் தொலைபேசியில் அழைத்தார். அவர் கேட்டது இரண்டே கேள்வி: இது எத்தனையாவது பேறு, எத்தனை நிமிடத்திற்கு ஒரு வலி. விடை கேட்டவுடன், ‘சேலத்தை மறந்துவிடுங்கள்; கீழே இறங்கவே வேண்டா; மேலே உள்ள ஆஸ்பத்திரிக்கே போங்கள், நான் சொல்லி வைக்கிறேன்’ என்றார். அந்த ஒரு சொல்லின் அருமையை மலைவாசிகள் அறிவர். ஏற்காட்டிலிருந்து சேலம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். அம்மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. பகலில் உல்லாசமாக ஏறிவரும் பிரயாணிக்கு அவ்வளவாக இது தோன்றாது. மழை மூடுபனியில், நள்ளிரவில், இரண்டு நிமிடத்திற்கொரு வலியுடன் இறங்குபவளுக்கு ஒவ்வொரு வளைவும் ஒரு தனிப் பிரயாணம். பெரிய வைத்தியசாலையை நோக்கிப் புறப்பட்டு வழியிற் பெறுவதினும், சிறிய வைத்தியசாலையிற் பயின்ற கைகளிற் பெறுதல் நலம் என்பதே அச்செவிலியர் கூறியதன் பொருள்.

அண்டை வீட்டாரின் ஜீப்பில் ஏறினோம். சவுக்கும் வெள்ளி ஓக்கும் இருபுறமும் நிற்க, முன்விளக்கின் ஒளி பத்தடிக்கு மேற் செல்லாத பனி. அப்பிரயாணத்தில் எனக்கு நினைவில் நிற்பது அத்தையின் கை ஒன்றே. வண்டி குலுங்குந்தோறும் அவர் என் இடுப்பின் பின்புறத்தைத் தம் உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே வந்தார். அவ்வழுத்தம் வலியைச் சிறிது குறைத்தது. பிற்காலத்தில் வைத்திய நூல்களிலும் இம்முறை கூறப்பட்டிருப்பதைக் கண்டேன். அத்தைக்கு நூல் எதுவும் தெரியாது.

வைத்தியசாலைப் படியேறும்போது என் உடல் நடுங்கத் தொடங்கிற்று; பல் கிட்டிற்று; குமட்டலும் வந்தது. குளிர் என்று எண்ணினேன், குளிரன்று. கருப்பை வாய் ஏழெட்டு சென்டிமீட்டரைக் கடந்து முழுதும் திறக்கும் அந்த இறுதிப் பகுதியில் அநேகம் தாய்மார்க்கு இந்நடுக்கம் உண்டாகும். உள்ளமும் அப்போது உடைந்துவிடும். ‘என்னால் முடியாது, வீட்டிற்குப் போகிறேன்’ என்று சொல்லாத தாய் அரியள். யான் சொன்னது அதைவிட மோசம். இங்கு எழுதத் தக்கதன்று. அப்போதுதான் ஊசி ஏதாவது போடுமாறு மன்றாடினேன். பணியிலிருந்த செவிலியர் நடுவயதினர். என்னைச் சோதித்துப் பார்த்து, ‘வாய் முழுதும் திறந்துவிட்டது, கண்ணு. இனி மருந்துக்கு நேரமில்லை. நான் இருக்கிறேன்’ என்றார்.

அவர் கூறியது சரியே. முதுகந்தண்டின் அருகே செலுத்தி இடுப்பின் கீழ் உணர்வை மட்டும் தணிக்கும் மருந்து, பயின்ற மயக்க வைத்தியர் ஒருவராற் செலுத்தப்படவேண்டுவது; செலுத்திய பின்னும் அது வேலை செய்யக் கால்மணி நேரத்திற்கு மேலாகும். பெத்திடின் போன்ற ஊசிகளைப் பிரசவத்திற்கு மிக அண்மையிற் போட்டால் அது குழந்தையின் மூச்சை மந்தப்படுத்தக்கூடும். ஆகவே விரைவுப் பிரசவத்தில் மருந்தின்மை பெரும்பாலும் ஒருவர் தேர்ந்துகொள்வதன்று, நேர்ந்துவிடுவது.

நோவு தணிக்கும் மருந்தின் வரலாறு சுவையுள்ளது. அதிற் சமயமும் சேர்ந்திருத்தலால் நம் வாசகர்க்குச் சிறிது கூறலாம். எடின்பரோவில் ஜேம்ஸ் யங் சிம்ப்ஸன் என்னும் வைத்தியர் 1847இல் பிரசவ நோவிற்குக் குளோரோபாரத்தை வழங்கினார். ஏவாளுக்கு விதிக்கப்பட்ட வேதனையை மனிதன் நீக்கலாமா என்னும் ஆக்ஷேபத்திற்கு விடையாக அவரே அவ்வாண்டில் ஒரு சிறு நூல் எழுதினார். ஆதாமின் விலாவிலிருந்து எலும்பை எடுக்குமுன் கடவுள் அவனை அயர்ந்த நித்திரையில் ஆழ்த்தியதை எடுத்துக்காட்டியதும் அதில் உண்டு. 1853இல் விக்டோரியா மகாராணி தம் எட்டாவது குழந்தையாகிய லியோபோல்டைப் பெற்றபோது ஜான் ஸ்னோ என்பவர் அம்மருந்தைக் கொடுத்தார். அதன்பின் ஆக்ஷேபங்கள் வலுவிழந்தன. மறுபுறத்தில், கிராண்ட்லி டிக் ரீட் என்னும் ஆங்கில வைத்தியர் 1933இல் வெளியிட்ட நூலில், அச்சம் தசைகளை இறுக்குகின்றது, இறுக்கம் நோவை மிகுவிக்கின்றது, அச்சத்தை நீக்கினால் மருந்தின் தேவை குறையும் என்று வாதித்தார். இக்கொள்கையிற் பாதி உண்மை என்பேன். யான் அஞ்சுவதற்குள்ளாகவே பாதி வேலை முடிந்துவிட்டது. ஆயினும் நோவு இருந்தது. ஆனால் ‘நான் இருக்கிறேன்’ என்ற சொல்லைக் கேட்டபின் அதே நோவு வேறொன்றாயிற்று. குறைந்தது என்று சொல்லமாட்டேன்; அதனோடு தனியே நிற்கவில்லை என்று சொல்வேன்.

இரண்டாம் கட்டத்தில் நேர்ந்தது எனக்கு வியப்பளித்தது. தலைப்பேற்றில் ‘முக்கு, முக்கு’ என்று எல்லோரும் ஏவினர். இம்முறை செவிலியர், ‘முக்காதே, கண்ணு, ஊது, விளக்கை அணைப்பதுபோல் ஊது’ என்றார். குழந்தையின் தலை விசையுடன் வருமாயின் தாயின் தசை கிழியும். குழந்தையின் தலைக்கும் அது நல்லதன்று. தசை நெகிழ்ந்து இடங்கொடுக்கச் சில நிமிடங்களாவது வேண்டும். தாய் வாயால் மூச்சை ஊதிக்கொண்டிருக்கும்போது அவளால் முழுவலிமையுடன் முக்க இயலாது. செவிலியர் ஒரு கையால் தலையை மெல்லத் தாங்கியும், மறுகையால் கீழ்த்தசையை அணைத்தும், அத்தலையை அங்குலம் அங்குலமாக வெளிவர விட்டார். விரைந்து வருவதை மெதுவாக வரச் செய்வதே அக்கைகளின் வித்தை. எனக்கு இரண்டு தையல் மட்டும் போடவேண்டியிருந்தது.

குழந்தை பிறந்தவுடன் அபாயம் நீங்கியது என்று உறவினர் நிம்மதியடைவர். விரைவுப் பிரசவத்தில் அப்போதுதான் கவனம் மிக வேண்டும். மிகக் கடுமையாக உழைத்த கருப்பை, வேலை முடிந்தவுடன் சோர்ந்து தளர்ந்துவிடக்கூடும். நஞ்சு பற்றியிருந்த இடத்தில் வாய்திறந்து நிற்கும் இரத்தக்குழாய்களை மூடுவது முதன்மையாகக் கருப்பையின் சுருக்கமே. அது தளர்ந்தால் இரத்தம் பெருகும். ஆதலால் பிறந்த ஒரு நிமிடத்திற்குள் தாயின் தொடையில் ஆக்சிடோசின் பத்து யூனிட் ஊசி போடுவது வழக்கம். கருப்பையைச் சுருக்கும் இச்சத்தின் செயலை ஹென்றி டேல் என்பவர் 1906இல் கண்டார். வின்சென்ட் து விக்னோ 1953இல் அதனைச் செயற்கையாக ஆக்கி, 1955இல் நோபெல் பரிசும் பெற்றார். அம்மருந்தைக் குளிர்ப்பெட்டியில் வைத்துக் காத்தல் வேண்டும். மலையூர்களில் மின்சாரம் நின்றுபோகும் இரவுகளை எண்ணினால் இது சிறு செய்தியன்று. செவிலியர் என் அடிவயிற்றிற் கைவைத்துக் கருப்பை தேங்காய்போல் கெட்டியாக இருக்கின்றதா என்று கால்மணிக்கொரு முறை பார்த்துக்கொண்டே இருந்தார். அரையுறக்கத்தில் அது எனக்குத் தொல்லையாகத் தோன்றிற்று.

குழந்தைக்கும் ஓர் அபாயம் உண்டு; அது குளிர். ஏற்காடு கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. தாயின் உடற்சூட்டிலிருந்து ஈரத்தோடு மலைக்காற்றில் வந்து விழும் சிசு, சில நிமிடங்களிற் சூட்டை இழந்துவிடும். உடனே துடைத்து, தலைக்குத் துணியிட்டு, தாயின் வெறும் மார்பிற் கிடத்தி இருவரையும் சேர்த்துப் போர்த்துதலே முதல் வைத்தியம். தொப்புட்கொடியை ஒரு நிமிடமாவது கழித்து அறுத்தல் குழந்தையின் இரத்த விருத்திக்கு உதவும். முதல் நாளிற் குளிப்பாட்டுதல் ஆகாது. அத்தை வெந்நீருக்கு ஏற்பாடு செய்யப் புறப்பட்டபோது செவிலியர் தடுத்துவிட்டார். அத்தைக்கு அது இன்றளவும் வருத்தமே.

இனி உள்ளத்தின் நிலை. இதனை எழுதுவோர் அரியராதலின் சற்றே விரித்துரைக்கின்றேன். குழந்தையை என் மார்பில் வைத்தபோது எனக்கு ஆனந்தம் உண்டாகவில்லை. யாரோ ஒருவருடைய குழந்தையை என்னிடம் தந்துவிட்டுச் சென்றதுபோல் இருந்தது. கால்கள் தாமே நடுங்கிக்கொண்டிருந்தன. நடந்தவற்றை வரிசையாக நினைக்க முயன்றேன், இடையிடையே வெற்றிடம். நீண்ட பிரசவத்தில் உள்ளம் உடலோடு சேர்ந்து மெல்ல நடந்து கரையேறுகின்றது. விரைவுப் பிரசவத்தில் உடல் முந்திச் சென்றுவிடுகின்றது, உள்ளம் பின்னால் ஓடிவர வேண்டியிருக்கின்றது. எனக்கு அது வந்து சேர இரண்டு நாள் ஆயிற்று. காலையில் வந்த உறவினர் ஒருவர், ‘இரண்டு மணி நேரத்தில் பெற்றுவிட்டு ஏன் இப்படி வாடிக்கிடக்கிறாய்?’ என்று அன்போடுதான் கேட்டார். விடை சொல்லத் தெரியவில்லை, வெட்கமே மிஞ்சிற்று. இவ்வாறு திகைத்திருப்பது பலர்க்கும் இயல்பு என்றும், நடந்ததை முதலிலிருந்து யாரேனும் ஒருவர் எடுத்துச் சொன்னால் தெளியும் என்றும் பின்னர் அறிந்தேன். திகைப்பு வாரக்கணக்கில் நீடித்து, உறக்கமும் உணவும் கெடுமாயின், அது வைத்தியரிடம் சொல்லத்தக்க நோய், தாய்மைக்குறைவு அன்று. எனக்கு நடந்ததை எடுத்துச் சொன்னவர் அத்தை. சீரகத் தண்ணீரிலிருந்து தொடங்கினார்.

வலியின்போது உடனிருக்கும் துணையைப் பற்றித் தமிழ்நாட்டிற்குப் பழைய கதை ஒன்று உண்டு. திருச்சிராப்பள்ளி மலைமேல் உள்ள இறைவனுக்குத் தாயுமானவர் என்று பெயர். பூம்புகாரிலிருந்து மகளின் பேறுகாலத்திற்குப் புறப்பட்ட தாய், காவிரி வெள்ளத்தால் அக்கரையிலேயே நின்றுவிட, இறைவனே அத்தாயின் உருக்கொண்டு வந்து மகளுக்குப் பேறு பார்த்தான் என்பது தலபுராணம். சமயம் எதுவாயினும், அக்கதையைக் கட்டியவர்கள் பேறுகாலத்தின் இரண்டு பெருந்துன்பங்களை நன்கு அறிந்திருந்தார்கள்: வழி அடைபடுதல், துணை வாராமை. இரண்டாவதனைக் குறித்து, அரசு வைத்தியசாலைகளிற் பிரசவ அறையில் தாய்க்கு வேண்டிய ஒரு பெண்ணைத் துணையிருக்க விடலாம் என்று இந்திய அரசாங்கம் 2016இல் அறிவித்தது. முதலாவதோ மலையில் இன்றும் தீரவில்லை. 2024 டிசம்பர்த் தொடக்கத்திற் பெஞ்ஜல் புயலின் மழையால் ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய 108 ஆம்புலன்ஸ் வண்டிகளில் எத்தனையோ குழந்தைகள் பிறந்திருக்கின்றன. அவற்றில் உள்ள பணியாளர் பேறு பார்க்கவும் பயின்றவர்கள். ஆயினும் சரிந்த மண்ணை வண்டி தாண்டாது. அதனாலேயே மலைப்பகுதிகளின் சில ஆரம்ப சுகாதார நிலையங்களில், பேறு நாளுக்கு முன்னதாகவே வந்து தங்கிக் காத்திருக்க அறைகள் அமைத்திருக்கின்றனர். காட்டோர ஊர்களிலுள்ள மலையாளிக் குடிப் பெண்கள் காப்பிப்பழம் பறிக்கும் பருவத்தில் வேலையையும் வீட்டையும் மற்றப் பிள்ளைகளையும் விட்டு ஒரு வாரம் அங்கே போய்ப் படுத்திருத்தல் எளிதன்று. எளிதன்று என்பதை ஒப்புக்கொண்ட பின்னரே அவர்களை வற்புறுத்தல் தகும்.

யாத்திராகமத்தில் சிப்பிராள், பூவாள் என்னும் மருத்துவச்சிகள், எபிரெயப் பெண்கள் வலுவுள்ளவர்கள், நாங்கள் போய்ச் சேருமுன்பே பெற்றுவிடுகிறார்கள் என்று பார்வோனுக்கு மறுமொழி கூறியதை நாம் பாலர் பள்ளியிலேயே படித்திருக்கின்றோம். ஆண் சிசுக்களை உயிரோடு விட்டதற்குக் காரணமாக அவர்கள் சொன்ன விடை அது. வலுவுள்ளவளுக்கு மருத்துவச்சி வேண்டா என்னும் எண்ணம் அத்துணைப் பழையது. நம் பக்கத்தில் அதன் மறுபுறத்தைக் கண்டவர் ஐடா ஸ்கட்டர் அம்மையார். அவர் இளம் பெண்ணாய்த் திண்டிவனத்திலிருந்த ஓர் இரவில், மூன்று கணவன்மார் ஒருவர்பின் ஒருவராக வந்து, பேற்றில் வருந்தும் தம் மனைவியரைக் காக்க ஒரு பெண் வேண்டும் என்று கேட்டனர். ஆண் வைத்தியராகிய அவர் தந்தையாரை அவர்கள் ஏற்கவில்லை. விடிவதற்குள் மூவரும் இறந்தனர். அம்மையார் 1899இல் வைத்தியப் பட்டம் பெற்று மீண்டு, 1902இல் வேலூரில் வைத்தியசாலையும், 1918இற் பெண்களுக்கு வைத்தியப் பள்ளியும் நிறுவினார். அம்மூன்று வீடுகளிலும் அன்றிரவு உற்றார் இருந்தனர். பயின்ற பெண்ணின் கைதான் இல்லை.

மூன்றாம் நாள் வீடு திரும்பும்போது செவிலியர் என் பேறுகால அட்டையை வாங்கி, அதன் கீழ்ப்புறத்திற் சிவப்பு மையால் இரண்டு வரி எழுதினார்: மொத்த வலி நேரம் 1 மணி 45 நிமிடம், அடுத்த பேறு உண்டாயின் நாளுக்கு முன்னரே வந்து தங்கவும். ‘அடுத்தது’ என்ற சொல்லைக் கண்டு யான் சிரித்தேன். பிரசவ வைராக்கியம் அப்போது முழுவலிமையுடன் இருந்தது. அத்தை அட்டையைத் தம் கையில் வாங்கி, இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டு, முந்தானையில் முடிந்துகொண்டார்.